அல்லது

"பத்திரம்?" என்று கேட்டான்.
டிரினிடாடிலிருந்து கணவாய் ஏறி ரத்தோனுக்கு வந்தவன்.
கில்பெர்ட் என்று பெயர். சட்டைப்பையில்
ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக்கட்டு.
டயரை உதைத்துப் பார்த்தான்,
எஞ்சினை உறுமவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டான்
நெஞ்சுச் சளி பார்க்கும் டாக்டர் மாதிரி.
எல்லாம் பிடித்துவிட்டது.
பத்திரம்தான் இல்லை.

வரி ரசீதுகளுக்குள் தேடினேன்.
கல்யாண ஆல்பத்துக்கு அடியில்.
நாய்க்கு ஊசி போட்ட சீட்டுகளுக்கு நடுவில்.
நாய் செத்து நாலு வருஷம்,
அதன் சீட்டுகள் ஒன்று குறையாமல் இருக்கின்றன.

"இல்லையென்றால் பாதி விலைதான் அம்மா,
பாகம் பாகமாய்க் கழற்றி விற்கத்தான் ஆகும்."
நல்லவன். அதைச் சொல்லும்போது
வண்டிக்குக் கேட்டுவிடாதபடி
குரலைத் தாழ்த்தினான்.

வாகன அலுவலகத்தில் என் எண் எழுபத்தொன்று.
கண்ணாடிக்குப் பின்னால் ராமோனா, நகத்தில் நீலப் பூச்சு.
"யார் பெயரில் இருக்கிறது?"
"டெல்ஃபினா, யூசேபியோ. இரண்டு பேர் பெயரிலும்."
"அவர் வந்து கையெழுத்துப் போடுவாரா?"
"எங்கே இருக்கிறார் என்று உங்கள் கம்ப்யூட்டர் சொன்னால்
நானே போய்க் கூட்டி வருகிறேன்."
அவள் சிரிக்கவில்லை.
"இரண்டு பெயருக்கும் நடுவில் என்ன வார்த்தை?
'மற்றும்' என்றால் இருவரும் வேண்டும்.
'அல்லது' என்றால் ஒருவர் போதும்."

பதினொரு வருஷம் அந்த ப்யூக்கில்
பக்கத்துப் பக்கத்து இருக்கை.
நடுவில் ஒரு வார்த்தை இருந்தது தெரியாது.
அன்று படிவம் நிரப்பியவன் அவன்.
நான் தெருவில் பார்க்கிங் மீட்டருக்குக்
காசு போட்டுக்கொண்டிருந்தேன்.

ராமோனா திரையை என் பக்கம் திருப்பினாள்.
அல்லது.
"அதிர்ஷ்டம் உங்களுக்கு" என்றாள்.
என்னை நம்பி எழுதினானா,
அல்லது
பாருங்கள், எனக்கும் அதே வார்த்தைதான் வருகிறது.

புதுப் பிரதி சூடாக வெளியே வந்தது.
"பழையது கிடைத்தாலும் இனிச் செல்லாது, கிழித்துவிடுங்கள்."

கிடைத்தது. அன்று ராத்திரியே.
வெந்நீர் பாய்லர் அணைந்துபோயிற்று,
அதன் கையேட்டை எடுத்து உதறினால்
உள்ளேயிருந்து விழுகிறது.
பின்பக்கம், விற்பவர் என்ற கோட்டின்மேல்
அவன் கையெழுத்து.
வாங்குபவர்: காலி.
தேதி: காலி.
ஓடிய தூரம் மட்டும் அழுத்தி எழுதியிருக்கிறது,
61,204.

இன்று மீட்டரில் 143,880.

எண்ணெய் மாற்றும் கணக்கு நோட்டு என்னுடையது.
புரட்டினேன்.
61,190. அலமகோர்டோ. எண்ணெய், ஃபில்டர்.
ஓரத்தில் என் கிறுக்கல்: வெள்ளை மணலுக்குப் போகிறோம்!
அங்கிருந்து பதினாலு மைல்.
மணல்மேட்டில் பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து சறுக்கி,
காதெல்லாம் மணலாய் எழுந்து வந்து
இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றானே
அதே இடம்.

உல்லாசப் பயணத்துக்கு
யாராவது வண்டிப் பத்திரத்தை எடுத்துப்போவார்களா?

ஆனால் விற்கவில்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு
வீட்டுக்குத் திரும்பி ஓட்டினான்.
அதற்கப்புறமும் ஓட்டினான், எழுபத்தெட்டாயிரம் மைல்.
போன மார்ச்சில் போனபோதுகூட
வண்டியை வாசலில் விட்டுவிட்டு
பஸ்ஸில்தான் போனான்.
இதையெல்லாம் நான்
வரவில் எழுதவா, செலவில் எழுதவா.

சனிக்கிழமை கில்பெர்ட் வந்தான். முழு விலை.
நோட்டுகளை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தான்.
"எண்ணெய்க் கணக்கு ஏதாவது உண்டா?"
நோட்டைக் கொடுத்தேன்.
பானெட்டின்மேல் வைத்துப் புரட்டிக்கொண்டே வந்த கட்டைவிரல்
கிழிந்த ஓரத்தில் நின்றது.
"இங்கே ஒரு தடவை மாற்றாமல் விட்டீர்களா?"
"இல்லை" என்றேன்.
"மாற்றினோம்."